‘ஃபர்ஸ்ட் ஹேண்ட்’ மீன் கடை: பலகைக்கும் பெட்டிக்கும் எவ்வளவு தூரம்?

பாம்பன் பாலம் இறங்கி இராமேஸ்வரம் போகும் சாலையில் இடது பக்கம் ஒரு மீன் கடை இருக்கிறது. தகரக் கூரை, நாலு தெர்மாகோல் பெட்டி, ஒரு மின்தராசு, அரிவாள்மனையோடு மீன் ஆயும் ஒரு அக்கா. அவ்வளவுதான் கடை. வண்டிகளை நிறுத்துவது பலகைதான். மேலே ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் ஹேண்ட் ஃபிஷ்’, அதற்குக் கீழே தமிழில் ‘முதல் கை மீன்கள்’. போன் மொழிபெயர்த்துக் கொடுத்ததை அப்படியே பெயின்டரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே தெரியும்.

மீன் நன்றாகவே இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடலாம். பலகையில் உள்ள சொல்தான் இடறுகிறது. ஆனால் அந்தச் சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், இந்தக் கடையில் மட்டுமல்ல, தொண்டியிலிருந்து கீழக்கரை வரை எந்தக் கடையில் மீன் வாங்கவும் அதுவே அளவுகோலாக ஆகிவிடும். அதனால் சொல்லைக் கொஞ்சம் ஆய்ந்துவிட்டுப் பெட்டிக்குப் போகலாம்.

ஃபர்ஸ்ட் ஹேண்ட் என்பது இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் அறிவைப் பற்றிய சொல். ஒரு சங்கதியை இன்னொருவர் சொல்லியோ படித்தோ தெரிந்துகொள்ளாமல், தானே கண்டு, தானே பட்டு அறிந்தால் அது ஃபர்ஸ்ட் ஹேண்ட். எல்லாப் பெயர்ச்சொல்லோடும் அது ஒட்டாது. எக்ஸ்பீரியன்ஸ், நாலெட்ஜ், இன்ஃபர்மேஷன், அக்கவுண்ட் போன்ற சொற்களோடுதான் இயல்பாக நிற்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் வாரிக்கொண்டு போன இரவை, அங்கே இருந்து பிழைத்தவர் சொன்னால் அது ஃபர்ஸ்ட் ஹேண்ட் அக்கவுண்ட். அதையே அவருடைய பேரன் ஒரு சொல் பிசகாமல் சொன்னாலும் செகண்ட் ஹேண்ட்தான். கதை பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. கண்டவர் வேறு, சொல்பவர் வேறு, அவ்வளவே.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், செகண்ட் ஹேண்ட் மட்டும் இரண்டு பக்கமும் போகும். செய்தியும் செகண்ட் ஹேண்ட் ஆகலாம், பைக்கும் ஆகலாம், படகு இன்ஜினும் ஆகலாம். அப்படியானால் ஃபர்ஸ்ட் ஹேண்டும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாம் நினைத்துவிட்டோம். பழைய வண்டிச் சந்தையில் ‘ஃபர்ஸ்ட் ஹேண்ட் வண்டிண்ணே’ என்றால் ஒரே ஓனர் ஓட்டிய வண்டி. நம் ஊரில் இது செல்லும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘ஒன் ஓனர்’ என்பார்கள், புதியதாக இருந்தால் ‘நியூ’ என்பார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ‘ஃபர்ஸ்ட் ஹேண்ட் ஃபிஷ்’ என்று படித்தால், அப்படியென்றால் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய மீனும் இங்கே விற்கிறதா என்று ஒரு நொடி யோசிப்பார்.

ஆனாலும் பலகைக்காரரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. பழைய ஆங்கில வணிகப் பேச்சில் ஒரு பொருளை ‘அட் ஃபர்ஸ்ட் ஹேண்ட்’ வாங்குவது என்றால், செய்தவரிடமே, இடையில் ஆள் இல்லாமல் வாங்குவது. அதாவது சரக்கு கை மாறாமல் வருவது. தமிழிலும் இதே கைதானே இருக்கிறது: ‘நாலு கை மாறி வந்த மீன்’ என்று கரையில் யாரும் சொல்வார்கள். ஆகவே பலகையில் ‘கை மாறாத மீன்’ என்று எழுதியிருந்தால் படிக்கிறவருக்கு உடனே புரிந்திருக்கும். ‘முதல் கை’ என்றால் சீட்டாட்டம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

சரி, இந்தக் கடை மீன் எத்தனை கை மாறுகிறது? பிடித்தவர் ஒரு கை. கரையில் ஏலம். அங்கே எடுக்கும் வியாபாரி இரண்டாவது கை. அவரிடமிருந்து கடைக்குப் போனால் மூன்றாவது. ஐஸ் வண்டியில் ஏறி வெளியூர்ச் சந்தைக்குப் போய்ப் பிரிந்தால் நாலு, ஐந்து. இந்தக் கடைக்காரர் விடியலில் தானே போய் ஏலத்தில் நின்று எடுக்கிறார். எனவே இது கண்டிப்பாகப் பார்த்தால் இரண்டாம் கை மீன். சாலையோரக் கடைக்கு அதுவே மிக நல்ல நிலை. படகுக்காரரிடமே நேராக வாங்குவது எல்லா நாளும் நடக்காது. வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டிய கட்டு பல படகுகளுக்கு உண்டு. நல்ல இறால், நண்டு, கணவாய் எல்லாம் ஏற்றுமதிக் கம்பெனிக்கு எடை போகும். மிச்சம்தான் சில்லறைக்கு.

உண்மையிலேயே கை மாறாத மீன் வேண்டுமென்றால் தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். வலை கரை ஏறுவதைக் கண்ணால் பார்த்து, மணலில் கிடப்பதை அங்கேயே பேசி வாங்கலாம். ஆனால் அங்கே நீங்கள் கேட்கும் மீன் கிடைக்காது, வலையில் ஏறியதுதான் கிடைக்கும்.

கடையில் மீனைத் தொடுவதற்கு முன் கிழமையைப் பாருங்கள். பாக் நீரிணைப் பக்கம், அதாவது வடகடலில், விசைப்படகுகள் போகும் நாட்கள் திங்கள், புதன், சனி. மற்ற நாலு நாளும் வல்லம், வத்தை போன்ற நாட்டுப்படகுகளுக்கு. (மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல்.) விசைப்படகு அனுமதி டோக்கன் வாங்கிக் காலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் திரும்பும். அப்படியானால் வடகடல் விசைப்படகு இறாலும் கணவாயும் புதிதாகக் கரை ஏறுவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில். சனிக்கிழமை காலையில் ஒருவர் ‘இப்ப வந்த போட்டு (விசைப்படகு) இறால்’ என்றால், அது வியாழக்கிழமை வந்து ஐஸில் கிடந்தது. கெட்டுப்போனது என்று சொல்லவில்லை. ஒழுங்காக ஐஸ் போட்டிருந்தால் ஒன்றிரண்டு நாள் இறால் தாங்கும். ‘இப்ப வந்தது’ என்பதுதான் பொய்.

இன்னொன்றும் இருக்கிறது. ஞாயிறு காலை வந்திறங்கும் விசைப்படகு மீனிலேயே, முதல் பாட்டில் (ஒரு தடவை வலை போட்டு இழுப்பது ஒரு பாடு) பிடித்தது படகு ஐஸில் இருபது மணி நேரம் வரை இருந்திருக்கும். கடைசிப் பாட்டில் பிடித்தது சில மணி நேரம்தான். இரண்டும் ஒரே கூடையில் வரும். நாட்டுப்படகு வலை மீனில் இந்த இடைவெளி குறைவு. காரணம், சாயங்காலம் போட்ட வலையை விடியலில் இழுத்தெடுத்துக் கரைக்கு வந்துவிடுகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் கிடைக்கும், ஆனால் குறைவு, விலையும் ஏறும். அப்போது பெட்டி நிறைய ஒரே அளவு கணவாய் பளபளவென்று அடுக்கியிருந்தால், மேற்குக் கரையிலிருந்து வந்ததா, குளிர்பதனக் கிடங்கிலிருந்து எடுத்ததா என்று கேளுங்கள். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தாலும், படகுகள் வேலைநிறுத்தத்தில் இருந்தாலும் இதே கணக்குத்தான்.

இனி கடைக்காரரிடம் பேச்சு. இந்த இடத்தில்தான் ஃபர்ஸ்ட் ஹேண்ட் என்ற சொல் அதன் சரியான பொருளில் வேலை செய்கிறது. மீன் எத்தனை கை மாறியது என்பதைவிட, அதைப் பற்றி விற்பவருக்கு என்ன நேரில் தெரியும் என்பதைக் கேட்க வேண்டும். மூன்று கேள்வி போதும்: எந்தக் கடல், எந்த வலை, கரைக்கு எப்போது வந்தது. இந்தக் கடையில் கிடைக்கும் பதில் இப்படி இருக்கும்:

“விளமீன் எந்தக் கடல்ணே?”

“தெக்கடல். வல்லத்துல வந்துச்சு. அஞ்சரைக்கு ஏலத்துல எடுத்தேன்.”

“எப்ப பிடிச்சது?”

“ராத்திரி பிடிச்சதுன்னு சொன்னாங்க. நான் பாக்கல.”

கடைசி இரண்டு சொல்லுக்காகவே இந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஏலத்திலிருந்து பெட்டி வரை அவர் நேரில் கண்டது. அதற்கு முன் நடந்தது படகுக்காரர் சொல்லிக் கேட்டது. ‘எடுத்தேன்’ என்பதற்கும் ‘சொன்னாங்க’ என்பதற்கும் நடுவே அவர் போட்ட கோடுதான் ஃபர்ஸ்ட் ஹேண்டுக்கும் செகண்ட் ஹேண்டுக்கும் உள்ள கோடு. தமிழில் இதைச் சொல்ல வினையை மாற்றினாலே போதும். எல்லாவற்றுக்கும் ‘இப்ப பிடிச்சதுண்ணே, துடிச்சிட்டு இருந்துச்சு’ என்று ஒரே பதில் சொல்லும் கடையில் பெட்டியை இரண்டு தடவை பார்க்க வேண்டும். கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்பது மீன் கடைக்கும் பொருந்தும்.

எந்தக் கடல் என்ற கேள்விக்குப் பருவமும் துணைக்கு வரும். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் அப்படியே தலைகீழ். டிசம்பரில் காற்று பலமாக இருக்கும் ஒரு வாரத்தில் ‘வடகடல் வத்தை மீன்’ என்று ஒரு கூடை நிறையக் காட்டினால், எப்படிப் போனார்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

பெட்டிக்கு வருவோம். மீனைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கும் நேரடி அறிவு கண், விரல், மூக்கு மூன்றும்தான். அதில் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். மீன் கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் நல்ல தண்ணீர் ஐஸ் நேராகப் பட்டால் புது மீனின் கண்ணும் சில மணி நேரத்தில் பூத்துவிடும், செவுளும் வெளுக்கும். ஆகவே கண் பூத்த மீனை உடனே ஒதுக்க வேண்டாம். முதுகில் விரலால் அழுத்துங்கள். குழி உடனே நிரம்பினால் நல்லது, குழி அப்படியே நின்றால் வேண்டாம். செவுளைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். புது மீனில் கடற்பாசி வாசம் வரும். புளித்த வாசமோ மூக்கில் ஏறும் காரமோ வந்தால் மூடிவிடுங்கள். இந்தக் கடையில் செவுளைத் தூக்க விடுகிறார்கள். விடாத கடையில் வாங்காதீர்கள், வேறு காரணமே வேண்டாம்.

சூடை, நெத்திலி போன்ற சிறு மீனில் வயிற்றைப் பார்க்க வேண்டும். இரை தின்று வயிறு நிறைந்த நிலையில் பிடிபட்டால், அந்த இரையைச் செரிக்கும் சாறே வயிற்றுத் தோலை அரித்து வெடிக்க வைக்கும். கூடையில் பாதி மீன் வயிறு கிழிந்திருந்தால் ஐஸ் தாமதமாகப் போட்டிருக்கிறார்கள். கணவாய் புதிதாக இருந்தால் தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும், சதை கண்ணாடி மாதிரி இருக்கும். பழையதாக ஆக ஆக சதை பாலாக வெளுத்து, பிறகு இளஞ்சிவப்பாகும். இளஞ்சிவப்பை அழகு என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். இறாலில் தலையைப் பிடித்துத் தூக்குங்கள். தலை உடம்போடு நிற்க வேண்டும், தலைக்குள் கறுப்பு ஏறியிருக்கக் கூடாது.

நண்டை எடையில்தான் பிடிக்க வேண்டும். ஒரே அளவில் இரண்டை இரண்டு கையில் தூக்கினால் கனத்தது சதை உள்ளது. சட்டை கழற்றிய நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், வயிற்று ஓட்டை அழுத்தினால் வளையும், உடைத்தால் தண்ணீர். இந்தக் கடையில் காலையில் உயிர் நண்டு உண்டு. மதியத்துக்கு மேல் இருப்பதில் கால் உதிர்ந்ததும் கலந்திருக்கும், பொறுக்கி எடுக்கச் சொல்லி வாங்க வேண்டும்.

அயிலைக்கும் சூரைக்கும் ஒரு எச்சரிக்கை. இந்த இரண்டும் வெயிலில் சில மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் உண்டாகும். பிறகு ஐஸ் போட்டாலும் அது போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு தடிக்கும். பார்வைக்கு மீன் நன்றாகவே இருக்கும் என்பதுதான் இதில் வம்பு. சாலையோரத்தில் ஐஸ் இல்லாமல் சாக்கில் பரப்பிய சூரையைத் தொட வேண்டாம். இந்தக் கடையில் சூரை எப்போதும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

குறை இரண்டு. ஒன்று, ஆய்வதற்கு முன் எடை போடுகிறார்கள். அது ஊர் வழக்கம்தான், ஆனால் முன்கூட்டியே சொல்வதில்லை. தலையும் ஓடும் உள்ள இறால் ஒரு கிலோ எடுத்தால் ஆய்ந்தபின் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். நண்டில் சதை இன்னும் குறைவு. நாலு பேருக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இதை வைத்துக் கேளுங்கள். தராசில் ஐஸோடு சேர்த்து வைக்காமல், தண்ணீர் வடியவிட்டு வைக்கச் சொல்லலாம். சொன்னால் செய்கிறார்கள்.

இரண்டாவது, வெளியூருக்குக் கட்டிக் கொடுக்கும் விதம். பாம்பனிலிருந்து மதுரைக்குக் காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். இவர்கள் ஐந்து கிலோ மீனுக்கு இரண்டு கிலோ ஐஸை மேலே கொட்டி மூடி, டேப் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இராமநாதபுரம் தாண்டும்போதே அடி மீன் தண்ணீரில் ஊறத் தொடங்கிவிடும். நம் ஊர் வெயிலுக்கு மீனும் ஐஸும் எடைக்கு எடை வேண்டும். அடியில் இரண்டு அங்குலம் நொறுக்கிய ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், கடைசியில் மேலேயும் ஐஸ். பெட்டியின் கீழ் மூலையில் ஒரு துளை, உருகிய நீர் வடிய. பெட்டிக்குக் கீழே ஒரு தட்டு வைத்தால் கார் நாறாது. கட்டி ஐஸாகப் போடக் கூடாது. கட்டி மீனை நசுக்கும், எல்லா இடத்திலும் படவும் செய்யாது. இறாலும் கணவாயும் மட்டும் பாலிதீன் பையில் போட்டு ஐஸுக்குள் புதைக்கட்டும். ஐஸ் தண்ணீர் நேராகப் பட்டால் ருசியும் நிறமும் கழன்று போகும். இப்படிக் கேட்டால் ஐஸுக்குத் தனிக்காசு வாங்குகிறார்கள், கொடுக்கலாம்.

மறுபடி அந்தச் சொல். இந்தக் கடையைப் பற்றி மேப்பில் எழுதும் பலரும் ‘மை ஃபர்ஸ்ட் ஹேண்ட் எக்ஸ்பீரியன்ஸ் இன் பாம்பன்’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் சொல்ல வருவது ‘முதல் தடவை வந்தேன்’ என்பது. அதற்கு ‘ஃபர்ஸ்ட் டைம்’ போதும். நூறாவது தடவை வந்தாலும் நேரில் வந்தால் அது ஃபர்ஸ்ட் ஹேண்ட்தான். இன்னொரு குழப்பம் ‘ஹேண்ட்ஸ் ஆன்’. கரைவலை இழுப்பதைக் கரையில் நின்று பார்த்தால் உங்கள் அறிவு ஃபர்ஸ்ட் ஹேண்ட். கயிற்றைப் பிடித்து நீங்களும் இழுத்தால் அது ஹேண்ட்ஸ் ஆன். முன்னதற்குக் கண் போதும், பின்னதற்குக் கை காய்க்கும். எழுதும்போது பிரிட்டிஷ் வழக்கில் நடுவே சிறு கோடு போடுவார்கள், அமெரிக்காவில் ஒரே சொல்லாகச் சேர்த்தும் எழுதுவார்கள். இரண்டும் சரி.

தமிழில் எழுத ஒரே சொல்லைத் தேட வேண்டியதில்லை. செய்தி என்றால் ‘நேரில் கண்டது’, அனுபவம் என்றால் ‘சொந்த அனுபவம்’ அல்லது ‘பட்டறிவு’, சரக்கு என்றால் ‘கரையிலிருந்து நேரடி’. ‘முதல் கை’ எங்கேயும் பொருந்தாது.

பலகையை மாற்றச் செலவாகும் என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டினால் போதும். கடல், வலை, ஏல நேரம் மூன்றையும் தினமும் சாக்பீஸில் எழுதிப் போடலாம். அவருக்குத்தான் அது தெரிகிறதே.

போவதானால் செவ்வாய், வியாழன், ஞாயிறு, காலை எட்டுக்குள் போங்கள். வெள்ளிக்கிழமைதான் தோதுப்படும் என்றால் இறால் பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டாம், நாட்டுப்படகுச் சூடை ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வாருங்கள்.